50 கிலோ கோதுமை மாவு மூட்டை: நாலாவது தடவையில்தான் வண்டு விழவில்லை

மூட்டை மாவைப் பங்கு போட்டு அடைத்துவைத்த பைகளில் கடைசிப் பையைப் போன ஞாயிற்றுக்கிழமை பிரித்தோம். சீல் போட்டு 64 நாள் ஆகியிருந்தது. மாவை அகலமான தாம்பாளத்தில் கொட்டி, தோசைத் திருப்பியால் மேலே வழித்துக் கண்ணாடி மாதிரி சமமாக்கினேன். மெல்லிய துணி ஒன்றை மேலே போட்டு ராத்திரி முழுக்க அப்படியே விட்டேன். விடிந்ததும் டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்து அடித்துப் பார்த்தேன். மாவின் மேல் ஒரு கீறல் கூட இல்லை.

வண்டு விழுந்த மாவில் அது தெரிந்துவிடும். ஊசி முனையால் கிறுக்கின மாதிரி நெளிந்த தடங்கள் மேல்பரப்பெங்கும் இருக்கும். முதல் மூட்டையில் அந்தத் தடங்களைப் பார்த்த காலை எனக்கு இன்னும் மறக்கவில்லை. நாலு மூட்டை வாங்கி, மூன்றில் தோற்று, இப்போதுதான் ஒரு முறை கைக்கு வந்திருக்கிறது. அளவுகள் மறந்துபோவதற்குள் எழுதிவைத்துவிடுகிறேன்.

எங்களுக்கு மதுரை. வீட்டில் ஏழு பேர். அப்பாவுக்கும் அத்தைக்கும் சர்க்கரை என்பதால் வாரத்தில் ஆறு ராத்திரி சப்பாத்திதான். ஒரு ராத்திரிக்கு முக்கால் கிலோ மாவு ஆகிறது. ஊருக்கு வெளியே இருக்கும் ஒரு மாவு மில்லில், தவிடு எடுக்காத மாவை 50 கிலோவாகக் காடாத்துணி மூட்டையில் கட்டித் தருகிறார்கள். கடையில் 10 கிலோ பாக்கெட் 480 ரூபாய்க்கு வாங்கிக்கொண்டிருந்தோம். மில்லில் மூட்டை 1,850, அதாவது கிலோ 37 ரூபாய். விலை குறைவதற்கு ஜி.எஸ்.டி.யும் ஒரு காரணம். 2022 ஜூலை 18 முதல், பெயர் அச்சடித்துக் கட்டிய மாவு 25 கிலோ வரை இருந்தால் 5 சதவீத வரி, அதற்கு மேல் போனால் வரி இல்லை. அரிசி 26 கிலோ சிப்பமாக வர ஆரம்பித்ததும் அதனால்தான். ஆனால் நாங்கள் மில்லுக்குப் போனது முக்கியமாக மாவுக்காக. அரைத்து ஒரே வாரமான மாவில் போட்ட சப்பாத்தி மறுநாள் காலையிலும் மெத்தென்று இருக்கிறது. பாக்கெட் மாவில் எங்களுக்கு அது வாய்த்ததே இல்லை.

முதல் மூட்டை 2024 செப்டம்பர் கடைசியில் வந்தது. ஸ்டோர் ரூமில், சுவரோரமாகத் தரையிலேயே நிறுத்தி, வாயைப் பிரித்து, சணலால் சுருக்குப் போட்டு வைத்தேன். அரிசி மூட்டையைக் காலங்காலமாக அப்படித்தான் வைக்கிறோம், மாவுக்கு மட்டும் என்ன என்று நினைத்துவிட்டேன். அடுத்த மாதமே மழை பிடித்துக்கொண்டது. ஐந்தாவது வாரம் மாவு எடுக்கக் கை விட்டபோது ஒரு நெடி. சிக்கு வாடை அடிக்கிற எண்ணெயும் பழைய மருந்து டப்பாவும் சேர்ந்த மாதிரி. மாவின் நிறமும் லேசாகச் சிவந்திருந்தது. அன்று ராத்திரிதான் முதன்முதலாக மேல்மாவை வழித்துச் சமமாக்கிவிட்டுத் தூங்கப்போனேன். காலையில் பார்த்தால் ஒரு சாண் இடத்தில் எண்ண முடியாத தடங்கள்.

அது சிவப்பு மாவு வண்டு. மூன்று, நான்கு மில்லிமீட்டர் நீளம், செம்பழுப்பு நிறம். முழுத் தானியத்தைக் கடித்துத் துளைக்க இதற்குத் தெம்பில்லை. உடைந்த தானியமும் மாவும்தான் இதன் சாப்பாடு. முட்டையில் பிசுபிசுப்பு இருப்பதால் மாவு அதன் மேல் ஒட்டிக்கொள்ளும், நம் கண்ணுக்குப் படவே படாது. நம்மூர்ச் சூட்டில் முட்டை வண்டாக மாற ஒரு மாதம் போதும். ஒரு பெண் வண்டு தன் ஆயுளில் நூற்றுக்கணக்கில் முட்டையிடும். வண்டு விடுகிற ரசாயனம்தான் அந்த நெடிக்கும் சிவப்புக்கும் காரணம். அப்படி ஆன மாவைச் சலித்தாலும் நெடி போகாது.

மூட்டையின் அடியில் இன்னொன்றும் நடந்திருந்தது. தரையில் பட்ட நாலு விரற்கடை உயரத்துக்கு மாவு கட்டிதட்டிப் போயிருந்தது. துணி மூட்டை மூச்சு விடும். மில்லிலிருந்து வீடு வந்து சேரும் வரை அது நல்லது, மாவு வேர்க்காது. ஆனால் மழைக்காலத் தரையில் நிறுத்தினால் அதே துணி ஈரத்தை உறிஞ்சி மாவுக்குக் கொடுத்துவிடும். கோதுமை மாவுக்கு உணவுப் பாதுகாப்பு விதிகள் வைத்திருக்கும் ஈர வரம்பு 14 சதவீதம். மில்லில் அதற்குள் இருந்து வருகிற மாவை நாமே வீட்டில் வைத்து ஏற்றிவிடுகிறோம். அந்த மூட்டையில் 22 கிலோ சாப்பிட்டோம், 28 கிலோவைக் குழியில் கொட்டினேன். கொட்டும்போது அம்மா பக்கத்தில் நின்றிருந்தார்கள். ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. திட்டியிருந்தால் கூடத் தேவலை என்று இருந்தது.

இரண்டாவது மூட்டை 2025 ஜனவரியில். இந்தத் தடவை தரையில் வைக்கவில்லை. பழைய மரச்சட்டங்களை அடித்து ஆறு அங்குல உயரத்தில் ஒரு தட்டு செய்தேன், சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளிப் போட்டேன். மாவு முழுவதையும் சலித்தேன். காய்ந்த வேப்பிலை, காய்ந்த மிளகாய், வசம்புத் துண்டு மூன்றையும் மெல்லிய துணியில் முடிந்து மூட்டைக்குள் நாலு இடத்தில் புதைத்தேன். அரிசிக்கும் பருப்புக்கும் அம்மா செய்கிற வழிதான்.

அடி நனையவில்லை, அந்த மட்டும் சரி. வண்டு நிற்கவில்லை. ஆறாவது வாரம் தடங்கள் தெரிந்தன. அரிசியில் மணிகளுக்கு நடுவே காற்று ஓடும், வாசனை பரவும். மாவு நெருக்கமாக அமர்ந்துவிடுவதால் முடிச்சைச் சுற்றி ஒரு கையளவு மாவில்தான் வாசனை ஏறியது. அந்த மாவில் போட்ட சப்பாத்தி மிளகாய் நெடி அடித்து, பிள்ளைகள் தட்டைத் தள்ளிவிட்டார்கள். வண்டுகளோ முடிச்சைவிட்டு ஒரு சாண் தள்ளி நிம்மதியாக இருந்தன.

அதற்கப்புறம் நான் செய்ததுதான் பெரிய தப்பு. மீதியை மொட்டை மாடியில் வெள்ளை வேட்டி விரித்துக் காயப்போட்டேன். “கோதுமையைக் காயப்போடலாம், மாவைக் காயப்போடாதேப்பா” என்று அம்மா சொன்னார்கள். கேட்கவில்லை. வண்டுகள் சூடு பட்டதும் வேட்டி மடிப்புக்குள் ஓடி ஒளிந்துகொண்டன. காற்றில் மாவு பறந்தது. தவிடும் முளையும் சேர்ந்த மாவில் எண்ணெய்ச் சத்து உண்டு, வெயிலில் அது சீக்கிரம் கெட்டுவிடும். இரண்டு நாள் வெயில் பட்ட மாவு ஒரு வாரத்தில் கசந்தது. இதில் 9 கிலோ போயிற்று.

ஒரு விஷயம் மட்டும் இந்த மூட்டையில் கற்றுக்கொண்டேன். காலி மூட்டையை உள்வெளியாகத் திருப்பி, தையல் மடிப்பை நகத்தால் பிரித்துப் பார்த்தேன். அரை அங்குல மடிப்புக்குள் பழைய மாவு கெட்டியாகக் கிடந்தது, அதில் மஞ்சளாக நூல் மாதிரி ஏழெட்டுப் புழுக்கள். நான் மாவைச் சலித்துவிட்டுத் திரும்ப அதே மூட்டையில் கொட்டியிருந்தேன். பெருக்கின குப்பையை அதே அறையில் கொட்டின கதைதான்.

மூன்றாவதுக்கு ட்ரம் வாங்கலாம் என்று முடிவு செய்தேன். பழைய ட்ரம் கடையில் நீல ட்ரம் 400 ரூபாய்க்குக் கிடைக்கும், ஆனால் மூடியைத் திறந்து முகர்ந்தால் ஏதோ ஒரு ரசாயன வாடை வரும். சாப்பாட்டுப் பொருளுக்கு அது வேண்டவே வேண்டாம். உணவுக்கு ஏற்றது என்று முத்திரை போட்ட புது ட்ரம், இரும்பு வளையத்தால் இறுக்குகிற மூடியோடு, 60 லிட்டர், 950 ரூபாய். 50 கிலோவுக்கு 60 லிட்டர் தாராளம் என்று நினைத்தேன். கொட்டிப் பார்த்தால் 33 கிலோவில் ட்ரம் நிரம்பிவிட்டது, அதுவும் குலுக்கிக் குலுக்கித் தட்டின பிறகு. தண்ணீர்க் கணக்கு மாவுக்குச் செல்லாது. தட்டி அமர்த்தின மாவு லிட்டருக்கு 550 கிராம்தான் பிடிக்கிறது. 50 கிலோவுக்கு 91 லிட்டருக்குக் குறையாமல் வேண்டும்.

அது இடப் பிரச்சினை. உண்மையான தவறு சூட்டில் இருந்தது. அன்று மில்லில் அப்போதுதான் அரைத்துக் கட்டின மூட்டை. எடை போட்ட அண்ணன், “மாவு சூடா இருக்கு சார், ஆற விட்டு மூடுங்க” என்று சொல்லித்தான் ஆட்டோவில் ஏற்றினார். வீட்டுக்கு வந்ததும் காற்றுப் படாமல் மூடிவிட வேண்டும் என்ற அவசரத்தில் அதை மறந்துவிட்டேன். பத்து நாள் கழித்து மூடியைத் திறந்தால் மூடியின் உட்பக்கம் முத்து முத்தாக வேர்வை காய்ந்த தடம். கீழே மாவின் மேல் ஒரு அங்குலம் அப்பளம் மாதிரி இறுகி, சாம்பல் நிறப் பூஞ்சை. மேல்மாவை வழித்தெடுத்துவிட்டு மீதியைச் சாப்பிடலாமா என்று யோசித்தோம். அப்பா, அத்தை இருவர் வயதையும் நினைத்து, ட்ரம்மில் இருந்த அத்தனையையும் கொட்டிவிட்டோம். பூஞ்சை விழுந்த மாவில் இன்றும் எனக்கு அதே முடிவுதான்.

அதன் பிறகு 350 ரூபாய்க்கு ஊசி மாதிரி குத்திப் பார்க்கும் சமையல் தெர்மாமீட்டர் ஒன்று வாங்கினேன். இத்தனை செலவிலும் உடனே பலன் தந்தது அதுதான்.

நாலாவது மூட்டை 2025 ஜூலையில். இனி வரிசையாகச் சொல்கிறேன்.

வந்ததும் மூட்டையின் நடுவில் தெர்மாமீட்டரைச் செருகினேன். 41 டிகிரி. அறையில் 31. மரத்தட்டின் மேல் படுக்கப்போட்டு, தையலைப் பிரிக்காமல், இரண்டு ராத்திரி விட்டேன். முதல் நாள் காலையில் 36, இரண்டாம் நாள் 32. துணி மூட்டையின் அருமை இங்கேதான் தெரிந்தது. பாலித்தீன் சாக்காக இருந்திருந்தால் உள்ளேயே வேர்த்திருக்கும்.

மூட்டை வாயைத் தைத்திருக்கும் நூலைக் கத்திரியால் துண்டு துண்டாக வெட்டி, நூல் துணுக்குகளை மாவிலிருந்து பொறுக்கிக்கொண்டிருந்த காலமும் உண்டு. அது சங்கிலித் தையல். ஒரு பக்கம் ஒற்றை நூல் நேர்கோடாக ஓடும், மறு பக்கம் கண்ணி கண்ணியாகத் தெரியும். நேர்கோடு பக்கம் நம்மைப் பார்க்க இருக்கும்படி வைத்து, வலது முனையில் முடிச்சை வெட்டி, இரண்டு நூலையும் பிடித்து இழுத்தேன். சர்ரென்று முனை முதல் முனை வரை ஒரே இழுப்பில் உருவிக்கொண்டு வந்தது. இடது முனையில் ஆரம்பித்தால் நாலு தையலுக்கு ஒருமுறை இறுகிக்கொள்ளும். உருவின நூல், இரண்டு கையையும் விரித்தால் வருகிற நீளத்தைப் போல் இரண்டு மடங்கு இருந்தது. பூக் கட்ட அம்மா எடுத்துக்கொண்டார்கள்.

பைக்கு 400 கேஜ் தடிமன் பாலித்தீன் கவர், 12-க்கு 20 அங்குலம். ஒன்று 12 ரூபாய். இதில் 5 கிலோ கொட்டினால் சீல் போட நாலு அங்குலம் மிச்சம் இருக்கும். முதலில் 14 அங்குல அகலக் கவரும் 8 அங்குல சீலிங் மெஷினும் வாங்கி 900 ரூபாய் வீணாக்கினேன். இரண்டு தடவை அழுத்திச் சேர்த்தால் நடுவில் மயிரிழை இடைவெளி விழுகிறது. தண்ணீர் வாளியில் அமுக்கிப் பார்த்தபோது குமிழி வந்ததால்தான் தெரிந்தது. கவரின் அகலத்தைவிட மெஷின் சிறியதாக இருக்கக் கூடாது. 12 அங்குல மெஷின் 1,450 ரூபாய்.

சீல் பிடிக்காததற்கு இன்னொரு காரணமும் இருந்தது, அதைக் கண்டுபிடிக்க எனக்கு மூன்று கவர் செலவானது. கொட்டும்போது கவர் வாயின் உட்பக்கத்தில் மாவுத் தூசி படிந்துவிடும். பார்த்தால் தெரியாது, விரலால் தடவினால்தான் வழுவழுவென்று இருக்கும். அதன் மேல் சீல் போட்டால் ஒட்டின மாதிரி இருந்து, மறுநாள் இழுத்தால் பிளந்துகொள்ளும். பழைய காலண்டர் அட்டையைப் புனலாகச் சுருட்டி, கவர் வாயிலிருந்து ஒரு சாண் கீழே இறங்குகிற மாதிரி செருகி, அதன் வழியாகக் கொட்டினேன். பிறகு காய்ந்த துணியால் உட்பக்கம் ஒரு துடைப்பு. காற்றை அமுக்கி வெளியேற்றி, அரை அங்குலம் விட்டு இரண்டு சீல். அடுப்பு எரியாதபோதுதான் இந்த வேலையைச் செய்ய வேண்டும். மாவுத் தூசி காற்றில் மிதக்கும்போது பக்கத்தில் தீ இருக்கக் கூடாது. மூக்குக்கு மாஸ்க்கும் போட்டுக்கொண்டேன்.

ஒன்பது பைகளில் 45 கிலோ. உடனடிச் செலவுக்கு டப்பாவில் 1 கிலோ. மீதி 4 கிலோவைச் சோதனைக்கு ஒதுக்கினேன்.

ஒன்பது பைகளையும் ஃப்ரிட்ஜின் ஃப்ரீசரில் முறை வைத்து, இரண்டிரண்டாக நாலு நாலு நாள் வைத்தேன். மில்லிலிருந்தே முட்டை வந்திருந்தால் உறைகுளிரில் செத்துவிட வேண்டும் என்பது எண்ணம். முதலில் ஒரு ராத்திரி போதும் என்று நினைத்திருந்தேன். ஒரு பையைச் சீல் போடாமல் ரப்பர் பேண்ட் போட்டு வைத்து, காலையில் நடுவில் ஊசியைக் குத்திப் பார்த்தால் இன்னும் 5 டிகிரி. மாவுக்குள் குளிர் அத்தனை மெதுவாகப் போகிறது. இரண்டாம் நாள்தான் நடுப்பகுதி பூஜ்யத்துக்குக் கீழே 15-ஐத் தொட்டது. நாலு நாள் கணக்கை அதனால்தான் விடாமல் பிடித்தேன். வெளியே எடுத்த பையை ஒரு முழு நாள் பிரிக்கவே கூடாது. குளிர்ந்த மாவில் வெளிக்காற்று பட்டால் ஈரம் படியும். மூன்றாவது மூட்டையின் கதை திரும்பவும் நடக்கும்.

சோதனைக்கு வைத்த 4 கிலோவை அதே மாதிரி சீல் போட்டேன், ஃப்ரீசரில் மட்டும் வைக்கவில்லை. 35-ஆம் நாள் பிரித்தேன். மாவுக்குள் உயிருள்ள புழுக்கள், மேலே இரண்டு வண்டுகள். அதே மூட்டை, அதே கவர், அதே சீல். ஃப்ரீசரில் இருந்த ஒன்பதிலும் ஒன்று கூட இல்லை. பாலித்தீனில் இறுக்கிக் கட்டினால் மட்டும் போதாது, முட்டை உள்ளேயே வந்துவிடுகிறது என்பது அன்று எனக்கு உறுதியானது. கோவை வேளாண் பல்கலைக்கழகம் உருவாக்கின பூச்சிப் பொறிக் குழாயை மாவில் செருகலாமா என்று கூட விசாரித்தேன். துளை போட்ட குழாய் அது, தானியத்துக்கு அருமையானது. மாவில் வைத்தால் துளை வழியாக மாவே இறங்கிக் குழாய் நிரம்பிவிடும்.

கடைசிப் பையில் வண்டு இல்லை என்றேன். ஆனால் அன்று சாப்பிடும்போது அப்பா இரண்டாவது சப்பாத்தியில் நிறுத்தி, “மாவு பழசா?” என்று கேட்டார். நானும் மென்று பார்த்தேன். விழுங்கின பிறகு நாக்கின் அடியில் மெலிதாக ஒரு கசப்பு. வண்டை நிறுத்தலாம், தவிட்டு மாவின் வயதை நிறுத்த முடியாது. ஒன்பது வாரம் எங்கள் ஊர்ச் சூட்டில் அதிகம்.

பணக் கணக்கையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். மூட்டைக்கு மிச்சமாவது 550. அதில் ஆட்டோ 150, கவர் 120 போனால் 280. ட்ரம், இரண்டு மெஷின், தெர்மாமீட்டர் சேர்த்து 3,650. அதை எடுக்கவே 13 மூட்டைக்கு மேல் வேண்டும். கொட்டின மாவின் விலை இதில் சேரவில்லை. காசுக்காக மட்டும் இதைச் செய்ய நினைப்பவர்கள் இந்த எண்ணைப் பார்த்துவிட்டு இறங்குங்கள். எங்களுக்கு மாவின் ருசிக்காகச் செய்யத் தோன்றுகிறது.

காலி மூட்டைகளைப் பற்றியும் ஒன்று. முதல் மூட்டையை வெந்நீரில் ஊறவைத்துத் துவைத்தேன். மாவு வெந்து பசையாகி இழைகளுக்குள் ஏறிக்கொண்டது, காய்ந்ததும் அட்டை மாதிரி நின்றது. இப்போது முதலில் வெளியே உதறி, தையலை முழுக்கப் பிரித்து, பச்சைத் தண்ணீரில் இரண்டு முறை அலசிய பிறகே கொதிநீரில் போடுகிறோம். நல்ல காடாத்துணி. மில் பெயர் அச்சடித்த பக்கத்தை வெட்டித் துடைக்க வைத்துக்கொண்டு, அச்சில்லாத பக்கத்தை இட்லித் துணியாக மனைவி தைத்திருக்கிறார். ஒரு மூட்டையில் ஆறு துணி தேறுகிறது.

அடுத்த மூட்டை அக்கா வீட்டோடு பங்கு. 25 கிலோ அவர்களுக்கு, 25 எங்களுக்கு. ஐந்தரை வாரத்தில் தீர்ந்துவிடும், ஃப்ரீசரையும் இருபது நாள் அடைத்துக்கொண்டிருக்க வேண்டாம். போன தடவை மீன் வைக்க இடமில்லாமல் போனதில் வீட்டில் எல்லோருக்கும் என் மேல் வருத்தம். ட்ரம் சும்மா இருக்கிறது. அதில் முழுக் கோதுமை 40 கிலோ போட்டு வைத்து, வாராவாரம் தெரு முனை மில்லில் ஐந்து கிலோ அரைத்துப் பார்க்க வேண்டும். கோதுமையை வெயிலில் காயப்போடும் வேலையை இந்தத் தடவை அம்மாவிடமே விட்டுவிட்டேன்.